சகலையின் செயின்

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே நிறத்தில் வாங்கிய பைக்குகள்தான். ஆனால் சகலையின் வண்டி மட்டும் இன்னும் புதுசாக மினுக்கியதில் மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. குறை கண்டுபிடிக்கவே ஒரு ரவுண்டு கேட்டு ஓட்டினார். பாழாய்ப்போன வண்டி வெண்ணெயாய் வழுக்கியது.

“செயின் லூசு தம்பி, கடகடங்குது,” என்று கூசாமல் புளுகினார்.

சகலை குனிந்து தொட்டுப் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு, அண்ணே. உங்க செயின்தான் வறண்டு கெடந்துச்சு. நீங்க ரவுண்டு போயிட்டு வர்றதுக்குள்ள துடைச்சு ஆயில் விட்டுட்டேன்.”

வீடு திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்: “இன்னைக்குத்தாங்க நம்ம வண்டி சத்தமில்லாம போகுது. யாரு கை பட்டுச்சு?”

ஈ காக்கா இல்லாத தெருவில் அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.