அடிக்காத மணி

மணி அடிக்கவில்லை. வார்டு நர்ஸான அவள் மூன்றாவது தடவையாக வாத்தியாரின் அறைக் கதவைப் பார்த்தாள்.

வாத்தியார் விபத்தில் கழுத்து முறிந்து வந்தவர். கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொல் பேச்சு கேட்காது. தலையணை ஓரத்தில், கன்னத்தால் அழுத்துகிற மணி ஒன்று உண்டு. தண்ணீருக்கு அடிப்பார், போர்வைக்கு அடிப்பார், ஒன்றுமே இல்லாததற்கும் அடிப்பார். "உன் மாப்பிள்ளை கூப்பிடறாரு, ஓடுடி!" என்று மற்ற நர்ஸுகள் கிண்டலடிப்பார்கள்.

மதியம் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது கேட்டேவிட்டார். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வெளியே ஓடிவந்தவள்தான். அதற்குப் பிறகு மணிச் சத்தமே இல்லை.

கோபமோ? மெல்ல எட்டிப் பார்த்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"என்ன சார் பண்ணுது?"

"தலை வெடிக்குது... உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

ரத்த அழுத்தக் கருவியில் எண் எகிறியது. இவரைப் போன்றவர்களுக்குக் கீழே ஏதாவது அடைத்துக்கொண்டால் அழுத்தம் இப்படித்தான் ஏறும். உயிருக்கே உலை வைத்துவிடும். பெரிய நர்ஸை அலறிக் கூப்பிட்டபடியே அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். போர்வையை விலக்கினாள்.

சிறுநீர்க் குழாயில் கிளிப்! கட்டிலுக்கு மாற்றும்போது சிறுநீர் பின்னோக்கி ஓடாமலிருக்க அவளே மாட்டியது. அந்தக் கேள்வியில் கழற்ற மறந்தது.

கழற்றப் போனாள். கிளிப் வழுக்கியது. "கடவுளே, என் கையாலயா..." மறுபடி அழுத்தினாள். விட்டது. பை நிறைய ஆரம்பித்தது. எண் மட்டும் மனமில்லாமல் இறங்கியது.

பெரிய நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றார். "கிளிப்பை மறந்தியா, உன்னையே மறந்தியாடி?"

"என் தப்புதான்க்கா. டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். என்னை வேற வார்டுக்கு மாத்திடுங்க."

வாத்தியாரின் முகம் சுருங்கியது. "பதில் சொல்லாமலே கொல்லப் பாத்தீங்க. இப்ப விட்டுட்டும் போறீங்களா?"

"உங்க பக்கத்துல வந்தா வேலையில புத்தி நிக்கல சார். பயமா இருக்கு." சொல்லிவிட்டு டாக்டரைத் தேடி நடந்தாள்.

மாலை, பார்வையாளர் நேரம். சீருடை இல்லாமல் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் குழாயைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். பிறகுதான் அவர் முகத்தை.

"கட்டிக்கிறேன். ஆனா கோவமோ வெக்கமோ, தலை வலிச்சா மணி அடிக்கணும்."

வாத்தியார் கன்னத்தைத் திருப்பி அழுத்தினார். வராந்தாவில் மணி அலறியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன... என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்!"