பெரியப்பாவுக்கு ஒரு ஆட்டம்

"இவரை மட்டும் ஏன்ப்பா யாருமே கூப்பிடல?" என்று மகள் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்து, புதியவை இன்னும் எட்டிப் பார்க்காத வயது. தொலைக்காட்சியில் மாட்டிய வீடியோ கேம் பெட்டியில் கால்பந்து ஆட்டக்காரர்களின் முகங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. எந்த அணியும் வேண்டாமென்று விட்டுவிட்டவர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக அழைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையில் ஒரு கோல்கீப்பர். வழுக்கைத் தலை, வெள்ளை கலந்த தாடி, யாரோ தன் பெயரைச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல லேசாகத் தூக்கிய முகம். எத்தனை முறை புரட்டினாலும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, அவர் மட்டும் அங்கேயே நின்றார்.

"நாம கூப்பிடுவோம்னு காத்துட்டு இருக்கார் போல," என்றார் அப்பா.

"அப்பக் கூப்பிடுப்பா. நின்னு நின்னு கால் வலிக்கும், பாவம்."

கூப்பிட்டார்கள். அன்றே மகள் அவருக்குப் பெரியப்பா என்று பெயரும் வைத்துவிட்டாள். அடுக்களையிலிருந்து அம்மா தலையை நீட்டி, "எனக்குத் தெரியாம உங்களுக்கு எப்போங்க ஒரு அண்ணன் முளைச்சாரு?" என்று கேட்டாள்.

அப்பா பல் செட் செய்பவர். தெருவில் பல்செட்காரர் என்றால்தான் தெரியும். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறைப் படியெடுப்பார். அதன்மேல் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, கடிக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேருகிறதா என்று ஆயிரம் தரம் பார்ப்பார். அந்தப் பற்களை மாட்டிக்கொள்ளப்போகும் முகத்தை ஒருநாளும் பார்த்தது கிடையாது. இருந்தாலும் முன்பற்களைப் பதிக்கும்போது மட்டும், 'யாராயிருந்தாலும் நல்லாச் சிரிக்கணும், சாமி' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். முகம் தெரியாதவர்களுக்காக வேண்டிக்கொண்டே பழகிய மனுஷனுக்கு, உயிரே இல்லாத ஒரு கோல்கீப்பரிடம் பாசம் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த விளையாட்டுப் பெட்டியை மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் புதியது வாங்கியபோது இவருக்குக் கொடுத்தார். அதில் கரியர் மோட் என்று ஒன்று உண்டு. ஒரு கால்பந்து அணியை எடுத்துக்கொண்டு, அதற்கு மேனேஜராக உட்கார்ந்து, வருஷக்கணக்கில் நடத்த வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பெரிய அணியாகத் தேர்ந்தெடுப்பார்கள். இவர்கள் வீட்டில் மகள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கடைசி டிவிஷனில், அதிலும் கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த ஓர் அணி வந்து விழுந்தது. மைதானத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் கூரை, அதுவும் தகரம். புது ஆள் வாங்க நிர்வாகம் ஒதுக்கியிருந்த தொகையில் பெரிய அணிக்காரன் ஒருவனின் காலுறைகூட வராது. ஆகவே இரவல் ஆட்டக்காரர்கள், கழித்துக் கட்டப்பட்டவர்கள், தங்கள் பயிற்சிக்கூடத்திலேயே முளைத்த மீசை அரும்பாத பையன்கள் என்று சேர்த்துக் குடும்பம் நடத்தினார்கள். சனி, ஞாயிறுகளில் மட்டும்தான் ஆட்டம், அதுவும் முடிந்த வாரங்களில்; விளையாட்டில் ஒரு வருஷம் ஓட இவர்களுக்கு இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். ஒருவர் ஆட, ஒருவர் யோசனை சொல்ல, மறுவாரம் மாறிக்கொள்வார்கள். தோற்றால் சேமிக்காமல் அணைத்துவிட்டு மறுபடி ஆடுகிற வழி ஒன்று இருந்தது. அதை அவர் முதல் நாளே மறுத்துவிட்டார். "தோத்தா தோத்ததுதான் கண்ணு. எதிராளியும் கஷ்டப்பட்டுத்தானே கோல் போட்டான்."

பெரியப்பா அந்த அணியைப் பல வருஷம் தாங்கினார். ஆனால் அவர் தாங்கியது அணியை மட்டும் அல்ல என்பது பல்செட்காரருக்கு மட்டுமே தெரியும்.

மகள் சின்னவளாக இருந்த அந்த நாட்களில் ஒருமுறை மனைவிக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் துணைக்கு மனைவியின் தங்கை இருந்தாள். குழந்தையை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அதனால் அவர் மகளோடு வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. காலையிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு வாய் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. மரப்பொம்மைபோலச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தட்டோடு பின்னாலேயே நடந்து பார்த்தார், கதை சொன்னார், கெஞ்சினார். கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் தொலைக்காட்சியைப் போட்டு, அணியை ஆடவிட்டார். ஏதோ கோப்பை ஆட்டம். சமனாக முடிந்து பெனால்டிக்குப் போனது. எதிரணியின் கடைசி ஆள் உதைக்க வந்தான். அவர் பொத்தானை அழுத்தினாரா, கைதான் தவறிப் பட்டதா, இன்றுவரை அவருக்கே தெரியாது. பெரியப்பா இடப்பக்கம் பாய்ந்தார். பந்து விரல்நுனியில் பட்டுக் கம்பத்தைத் தாண்டிப் போனது.

சுவரோரம் இருந்த பிள்ளை 'ஹோ'வென்று துள்ளி எழுந்து சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே கோணி, "அம்மா..." என்று அழுகையாக மாறியது. அவர் மடியில் விழுந்து அழுது தீர்த்தாள். பிறகு தானாகவே தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம்.

கடவுள் யார் கையில் எதைக் கொடுத்தனுப்புவார் என்று யாருக்குத் தெரியும்? உறை மாட்டிய அந்தக் கைக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அவர் அன்றே மனதில் எழுதிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் அந்த நாட்கள் அவளுக்குத் திரும்ப வலிக்கும். மகள் அதை மறந்துவிட்டாற்போலத்தான் இருந்தது. மறந்திருந்தால் அது நல்லதுதான். நினைவுபடுத்த அவர் யார்?

இப்போது மகளுக்குப் படிப்பு முடிந்து வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. அவள் கிளம்புவதற்குள் அணியை ஒரு டிவிஷனாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரவலுக்கு ஓர் இளம் கோல்கீப்பரைக் கொண்டுவந்தாள். உடம்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பான். ரப்பர் என்று பெயர். ரப்பர் வந்ததிலிருந்து பெரியப்பாவுக்கு மாற்று ஆட்கள் உட்காரும் பெஞ்சுதான். தாடி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. இந்த வருஷ ஆட்டங்கள் முடிந்ததும் அவர் ஓய்வு பெறுகிறார் என்று திரையில் ஒரு வரி வந்தது. விளையாட்டில் பிரிவு உபசாரம் கிடையாது. வருஷம் முடிந்து அடுத்த வருஷம் திறக்கும்போது ஆள் இருக்கமாட்டார், அவ்வளவுதான். அதற்குள் அவருக்கு ஒரே ஓர் ஆட்டம் கொடுத்துவிட வேண்டும். பல்செட்காரர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

"இந்த வாரம் பெரியப்பாவைப் போடலாமா? எதிரணி ரொம்ப சுமாருதான்."

"அப்பா, சுமாரான டீம்கிட்ட புள்ளியைக் கோட்டை விட்டுத்தானே இத்தனை வருஷம் இங்கயே கிடக்கோம்?"

"ஒரே ஒரு மேட்ச், கண்ணு."

"அவர்மேல பாசம்னா பக்கத்துல உக்கார வெச்சுக் கொஞ்சிக்கோப்பா. கோல் கம்பத்துக்கு நடுவுல வேணாம்."

மனைவி துணி மடித்துக்கொண்டே, "கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒரு போன் போட மாட்டாரு. இந்த அண்ணனுக்கு மட்டும் உருகுறாரு," என்றாள். அவரும் சிரித்துவிட்டார். மகள் சொன்னதில் தப்பில்லை. அவள் ஆசையும் நியாயமான ஆசை. அடுத்த வாரம் பார்ப்போம் என்று விட்டார். அடுத்த வாரமும் புள்ளி தேவைப்பட்டது. அதற்கடுத்த வாரமும். ஒவ்வோர் ஆட்டத்திலும் கேமரா ஒரு தடவையாவது பெஞ்சின் பக்கம் திரும்பும். பெரியப்பா முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் பார்த்து இவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் அது நடந்தது. பயிற்சிக்கூடத்தில் முளைத்த வாலு என்கிற பையன், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இறங்கி, வந்த வேகத்தில் ஒரு கோல் போட்டான். மேலே ஏறுவது உறுதியாகிவிட்டது. மகள் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, யாருக்கு என்னடி ஆச்சு?"

"ஏறிட்டோம்மா! மேல ஏறிட்டோம்!"

"எங்க வேணா ஏறுங்க. இறங்கி வந்து பெட்டியை அடுக்கு. பாதித் துணி இன்னும் கட்டில்ல கிடக்கு."

மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்து, கரண்டியோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "விடுடி பைத்தியமே" என்று மனைவி திட்டினாலும், அவள் பிடியும் தளரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வீடு நிறைந்திருந்தது. இதைவிட வேறென்ன கேட்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மகள் சொன்னாள். "இன்னும் ஒரு மேட்ச் மிச்சம் இருக்குப்பா. அதையும் ஜெயிச்சா முதலிடம், கப்பும் நமக்குத்தான். ஜெயிக்காட்டிப் பரவாயில்ல, ஏறுறது ஏறினதுதான். ஆனா கப் வந்தா போட்டோ எடுத்து அனுப்பு, என்ன? கடைசிப் பத்து நிமிஷத்துல வாலுவை இறக்கு. மறந்துடாத."

"வேளாவேளைக்குச் சாப்பிடு," என்றார் அவர்.

"அதைத்தான் சொல்லுவேன்னு தெரியும்."

பேருந்து நகர்ந்தது. மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தூசி," என்றாள். அவரும், "ஆமா, தூசிதான்," என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மனைவி உள்ளே படுத்தாள். பிற்பகல் வெயில் ஜன்னல்வழியாகத் தரையில் சாய்ந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தார். பிறகு தொலைக்காட்சியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்தார். அணித் தேர்வு வந்தது. ரப்பரின் பெயர்மேல் அம்புக்குறி நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ரப்பரை பெஞ்சுக்கு அனுப்பி, பெரியப்பாவைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார். கேப்டன் பட்டையையும் அவர் கையில் கட்டினார்.

பெரியப்பா முன்போல இல்லை. மைதானத்தின் மூலையிலிருந்து பறந்து வந்த பந்தைப் பிடிக்க வெளியே வந்தவர் பாதிவழியில் நின்றுவிட்டார். எதிரணிக்காரன் ஆளில்லாத கம்பங்களுக்கு நடுவே தலையால் தட்டிவிட்டுப் போனான். "பரவாயில்லண்ணே, பரவாயில்ல," என்று பல்செட்காரர் வாய்விட்டே சொன்னார். இடைவேளைக்குப் பிறகு இவர்கள் அணி ஒன்றைத் திருப்பிப் போட்டது. அடிபட்டவன் ஒருவன், களைத்தவன் ஒருவன் என்று இரண்டு மாற்று ஆட்கள் உள்ளே போயாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு மாற்றுக்குத்தான் இடம். அதற்குள் எதிரணிக்காரன் தனியாகப் புகுந்து வந்து உதைத்த ஒன்றைப் பெரியப்பா காலை நீட்டித் தடுத்தார். அழகான தடுப்பு அல்ல. விழுந்து புரண்டு, எப்படியோ தடுத்தார்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். ஆளுக்கு ஒரு கோல். இன்னும் ஒன்று போட்டால் கோப்பை. அவர் ஆட்டத்தை நிறுத்தி, மாற்று ஆட்கள் பக்கத்தைத் திறந்தார்.

வாலு அங்கே இருந்தான். ஓடாத கால், குறையாத மூச்சு. மகள் சொன்னது காதில் கேட்டது. அவனுக்குப் பக்கத்தில் ரப்பர். ஒருவரைத்தான் இறக்கலாம்.

வாலுவை இறக்கினால் கோப்பை வரலாம். பெரியப்பாவோ கடைசிவரை நின்று, விசில் ஊதியதும் மற்றவர்களோடு சேர்ந்து திரையின் இருட்டில் மறைந்துபோவார். யாரும் அவரைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். ரப்பரை இறக்கினால் எல்லார் கண் முன்னும் தனியாக நடந்து வெளியே வருவார். உள்ளே மனைவி புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நல்ல தூக்கம். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அந்த மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்தப் பிள்ளை தட்டை இழுத்து வைத்துக்கொண்ட சத்தம் நினைவுக்கு வந்தது.

அம்புக்குறியை ரப்பரின்மேல் வைத்து அழுத்தினார்.

கோட்டோரம் ஆள் மாற்றும் எண் பலகை உயர்ந்தது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். கேப்டன் பட்டையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவன் கையில் கொடுத்தார். பிறகு மைதானத்தைக் குறுக்காக நடக்கத் தொடங்கினார், மெதுவாக, உறைகளை ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக்கொண்டே. தகரக் கூரைக்குக் கீழே இருந்த கூட்டம் எழுந்தது. ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து வைத்த கூட்டம்தான், இருந்தாலும் எழுந்தது.

பல்செட்காரர் கையிலிருந்ததை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார். பெரியப்பா வெள்ளைக் கோட்டைத் தாண்டும்வரை, உள்ளே தூங்குகிறவள் விழித்துவிடாதபடி, உள்ளங்கைகள் படாமல் படும்படி, சத்தமில்லாமல் கைதட்டிக்கொண்டே நின்றார்.