கடுகு நிறத்தில் ஒரு சுவர்

1

ஜெர்மன் பேசுகிற ஊரான லாங்கன்தாலில் ஒரு பெயின்ற் கடையில், கையில் ஒரு சின்னப் பையும் அதற்குள் ஒரு பிடி கடுகுமாக வரிசையில் நின்ற ஒருவரைக் கண்டேன். என்னிடம் இருந்த உண்மை அவ்வளவுதான். மிச்சத்தை நானே கட்டினேன். கட்டியபிறகு எனக்கு நித்திரை கெட்டது.

2

அவர் குடியிருக்கும், ஐம்பதுகளில் கட்டிய தொடர்மாடியின் முற்றத்தில் மரங்கள் பூத்து... [வேண்டாம். இந்தக் கதையில் ஒன்றும் பூக்காது.]

அந்தக் கடுகுக்காரருக்குக் குலேந்திரன் என்று பெயர் வைத்தேன். உணவகமொன்றின் குசினியில் வேலை செய்பவர். ஒரே மகள் யாதவி, வீடுகளை உள்ளே அலங்கரிக்கப் படித்தவள். பனிக்காலம் முழுக்க மனநல மருத்துவமனையில் கிடந்தாள். எதிலும் விருப்பமில்லாதிருந்தவள், ஒருநாள் தானாகவே வீட்டுக் கோலைப் பற்றிக் கதைத்தாள் (வரவேற்பறையை அவர்கள் கோல் என்பார்கள்). அந்தக் கட்டடத்தின் காலத்துக்கே அதைத் திருப்பவேண்டுமாம். மெல்லிய கால் வைத்த செற்றி, தேக்கு அலுமாரி, ஒலிவ் பச்சைத் திரைச்சீலை. சனிக்கிழமை அவளை வீட்டுக்கு விடுகிறார்கள். அங்கே அவளுக்குப் பிடித்துக்கொண்டால் வீட்டிலேயே இருந்துவிடலாம். குலேந்திரன் வேறெதற்கும் நேர்த்தி வைக்கவில்லை.

"சுவருக்கு என்ன நிறம், பிள்ளை?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"எல்லாம் வெள்ளை. செற்றிக்குப் பின்னால இருக்கிற சுவர் மட்டும்..." சொல்லைத் தேடினாள். "கடுகு நிறம், அப்பா."

3

இங்கே அவருடைய மனைவி கஜலக்சுமி வரவேண்டும். அவள் வீட்டில் இருந்தால், பெயின்ற் வாளியைத் திறந்ததுமே மகளிடம் இன்னொருதரம் கேட்டிருப்பாள். கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால் அவளை சோலோதுர்ன் என்கிற ஊருக்கு, பிள்ளை பெற்ற தங்கச்சிக்குத் துணையாக அனுப்பிவிட்டேன். (மகள் வருகிற கிழமையில் எந்தத் தாய் போவாள்? எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் அவளைத் திருப்பிக் கூப்பிட எனக்கு மனமில்லை. அவளாவது இதைப் பார்க்காமல் இருக்கட்டும்.)

4

கடுகைக் காட்டி நிறம் கலப்பித்து, ஒற்றை ஆளாகச் சுவருக்குப் பெயின்ற் அடித்து, பழைய சாமான் கடையில் எடுத்த செற்றியை அதன் முன்னால் போட்டார். சனிக்கிழமை யாதவி சப்பாத்தும் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவர் கன்னங்கரேலென்று இருந்தது.

"டொக்டர் உங்களுக்குச் சொன்னவரோ?"

"என்னத்தை, பிள்ளை?"

"எனக்கு எல்லாம் கறுப்பாத் தெரியுதெண்டு நான் சொன்னதை."

குலேந்திரன் குசினிக்கு ஓடிப்போய்க் கடுகுப் போத்தலை எடுத்து வந்தார். "நீ சொன்ன கடுகு இதுதானே. இதைக் காட்டித்தான் கலப்பிச்சனான்."

அவள் போத்தலைப் பார்த்தாள். "நான் சொன்னது ஸென்ஃப், அப்பா. அந்த மஞ்சள்."

ஸென்ஃப். கடுகை அரைத்துச் செய்கிற மஞ்சள் களி, ஒவ்வொரு நாளும் சொசேஜுக்குப் பக்கத்தில் அவர் பிதுக்கி வைக்கிற சாமான். ஜெர்மனில் கடுகுக்கும் அதற்கும் ஒரே சொல். எப்போதும்போல ஜெர்மனில் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பார். அன்றைக்கு மட்டும், அப்பா சந்தோசப்படட்டும் என்று, அவள் தமிழில் சொன்னாள்.

5

முடிவு ஒன்று: இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். [எழுதிப் பார்த்தேன். அவர் சிரித்தார். அவள் அவருக்காக உதட்டை மட்டும் அசைத்தாள். அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: அவர் மஞ்சள் வாங்கி வருகிறார், கறுப்பை மூடும்வரை...

"நாளைக்கே மாத்திறன், பிள்ளை."

"வேண்டாம், அப்பா. எனக்கு விளங்குது. நீங்க எனக்காகத்தான் செய்தனீங்க. அது விளங்கியும் எனக்குள்ள ஒண்டும் மாறேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு. நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போறன்."

இந்தப் பேச்சை வெட்ட எவ்வளவோ பார்த்தேன். வெட்டினால் அவள் பேசாமலே போகிறாள். அது இன்னும் மோசமாக இருக்கிறது.

6

முடிவு மூன்று என்னிடம் இல்லை. யாதவியின் கை கதவுப் பிடியில் இருக்கிறது. குலேந்திரன் போத்தலோடு செற்றியில் இருந்துவிட்டார்.

தலைப்பை வாசித்தபோது உங்கள் கண்ணுக்குள் வந்தது எந்த நிறம்? கறுப்பென்றால் குலேந்திரனுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். அந்தச் சுவரின் முன்னால் அவர் தனியாக இருக்கக்கூடாது. மஞ்சளென்றால் நீங்கள் வாசலுக்குப் போகவேண்டியவர். அவளோடு கதையுங்கள். எந்த மொழியில் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.