அறுபத்திரண்டாம் முளை

காலை பத்து மணிக்கு அக்கா மூன்றாவது முறையாக ஃபோன் செய்தபோது தண்ணீர் மாமாவின் கட்டில் சட்டத்தைத் தொட்டிருந்தது. மாமா என்றால் அவளுடைய மாமனார். பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுத்த படுக்கை, கனத்த உடம்பு. அத்தான் வெளியூரில். கட்டில் கால்களுக்குச் செங்கல் அடுக்கியாகிவிட்டது, இனி அடுக்க ஒன்றும் இல்லை என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை.

"உங்க ஆபீஸ் ரோடு போட்டாலும் போட்டுச்சு, வீட்டுக்குள்ளயே நீச்சல் குளம் வந்துடுச்சுடி."

அதற்குமேல் அவள் ஃபோன் அணைந்துவிட்டது.

நான் அப்போது அந்தப் புறவழிச் சாலையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். பகலில் சாலை அலுவலகத்தில் அளவை உதவியாளர் வேலை, மாலையில் டிப்ளமா வகுப்பு. சாலை முடிந்து இது முதல் மழைக்காலம். ஆள் உயரத்துக்கு மண் கொட்டி, அதன்மேல் போட்ட சாலை. அதன் இடது பக்கத்தில் அக்காவின் தெருவோடு சேர்த்து மூன்று தெருக்கள் தண்ணீரில் நின்றன. வலது பக்கம் முட்புதர்க் காடு, அதற்கப்பால் ஏரி. அந்தப் பக்கம் மழை ஈரம் மட்டும்தான். சாலை அணையாகிவிட்டது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மீட்புப் படகு சாயங்காலத்துக்கு முன் வராது என்றார்கள். பொறியாளர் சாலையை வெட்ட அனுமதி வாங்கிவிட்டார். கிடைத்தது ஒரே ஒரு பொக்லைன். அதையும் இரண்டு மணி நேரத்தில் வேறு இடத்துக்கு விட்டுவிட வேண்டும். ஜீப்பின் மேல் வரைபடத்தை விரித்து, குழாய்ப் பாலம் இருக்கிற இடத்தில் வெட்டலாம் என்றார். வரைபடத்தின்படி அதுதான் இருப்பதிலேயே தாழ்வு. ஆனால் உண்மையிலேயே தாழ்வென்றால் நிரம்பி ஓட வேண்டிய அந்தக் குழாயில் தண்ணீர் பாதிகூட ஓடவில்லை.

எனக்கு அறுபத்திரண்டாம் முளை நினைவுக்கு வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், சாலைக்காகத் தரைமட்டம் எடுத்தவள் நான். இருபது மீட்டருக்கு ஒரு மர முளை அடித்திருந்தோம். புதர் அவ்வளவு உயரம். உள்ளே அளவுகோலைப் பிடித்து நிற்கிற ஆள் தெரியமாட்டார், கோல் மட்டும் தெரியும். அறுபத்தோராம் முளையில் கருவி வழியாக 1.42 என்று படித்தேன். அறுபத்திரண்டில் 2.45. அறுபத்து மூன்றில் 1.44. எண் கூடினால் தரை தாழ்கிறது என்று அர்த்தம். அதே வாரம் வகுப்பில் ஆசிரியர், புதியவர்கள் சென்டிமீட்டரைக் கவனமாகப் படித்துவிட்டு மீட்டரைக் கோட்டை விடுவார்கள் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தார். அலுவலகம் திரும்பிப் பார்த்தபோது அந்த 2.45 அப்படிப்பட்ட தவறாகவே தோன்றியது. மறுபடி போய் அளந்திருக்க வேண்டும். இதுகூடப் படிக்கத் தெரியாதா என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் போகவில்லை. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 1.45 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வரைபடத்தில் தரை சமமாயிற்று. அங்கே பாலம் வரவில்லை.

இதைப் பொறியாளரிடம் சொல்லிவிடலாம். ஆனால் அன்றைக்கு நான் உண்மையிலேயே தப்பாகப் படித்திருந்தால்? இருக்கிற ஒரே இயந்திரத்தை என் பேச்சைக் கேட்டு அங்கே கொண்டுபோய், வெட்டியும் தண்ணீர் நகராமல் போனால்? மாமாவால் தலையைக்கூடத் தூக்க முடியாது.

பிறகுதான் உறைத்தது. தேங்கி நிற்கிற தண்ணீரின் மேல்மட்டம் எங்கும் ஒன்றுதான். ஆழத்தை அளந்தால் அடியில் தரை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஜீப்பிலிருந்து அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாலையோரக் கல்லிலிருந்து நாடா பிடித்து முளைகளின் இடத்தைக் கண்டேன். பொக்லைன் ஓட்டுகிற அண்ணன் என் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, தண்ணி அளக்குறியா? நிறைய இருக்குன்னு எழுதிக்க."

சரிவில் இறங்கி, அறுபத்தோராம் முளை இருந்த இடத்துக்கு நேராக, கரையின் அடியில் கோலை ஊன்றினேன். 1.10.

அடுத்த இடத்துக்கு இருபது மீட்டர். ஆழம் கூடியிருந்தால் மூன்று தெருக்களை மூழ்கடித்தது என் பேனா. கூடாவிட்டால் என்மேல் தவறில்லை, ஆனால் மாமாவுக்கு வழியும் இல்லை. எது வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எழுதக் கூசுகிறது. ஒரு கணம், கூடாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

கோல் இறங்கிக்கொண்டே போனது. 2.13. எடுத்து மறுபடி ஊன்றினேன். 2.13.

மேலே ஏறிப் பொறியாளரிடம் போனேன்.

"சார், குழாய்கிட்ட வேணாம். இங்க வெட்டணும். வரைபடம் தப்பு. தப்பு பண்ணது நான்."

அவர் கோலில் ஈரம் ஏறியிருந்த உயரத்தைப் பார்த்தார். வைய நேரமில்லை போலும். எத்தனை தடவை அளந்தாய் என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். வலது பக்கப் புதருக்குள் யாரும் இல்லை என்று ஆள் அனுப்பி உறுதி செய்துகொண்டு, இயந்திரத்துக்குக் கை காட்டினார்.

தார்ச்சாலை பாளம் பாளமாக உடைந்தது. முதலில் ஒரு விரல் அகலத்துக்குக் கலங்கல் நீர் வழிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகு மண் உள்வாங்கி, கரை இரண்டு பக்கமும் சரிந்து, அண்ணன் இயந்திரத்தை அவசரமாகப் பின்னால் எடுத்தார். அந்தச் சத்தத்தில் யார் பேசியதும் கேட்கவில்லை.

அக்காவின் ஃபோன் உயிர் பெறவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் தொடையளவுக்கு இறங்கியதும் தெருவுக்குள் நடந்தேன். சுவர்களில் ஈரக் கோடு என் மார்பு உயரத்தில் இருந்தது. கட்டிலைவிட அது உயரம். கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தோளால் மோதித் திறந்தேன்.

கட்டில் மாமாவோடு மிதந்து ஜன்னலோரம் போய்ச் சாய்ந்து கிடந்தது. அக்கா ஜன்னல் திண்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மாமாவின் தலையையும் பிடித்திருந்தாள். மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது இமைத்தது.

"மாமாவுக்குக் கழுத்து வரைக்கும் வந்துடுச்சுடி," என்றாள். குரலே எழும்பவில்லை. "அந்த ரோட்டைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"அக்கா, தண்ணி போற வழிய அடைச்சது நான்தான். அளவை மாத்தி எழுதிட்டேன்."

அவள் கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவை மடங்கியபடியே இருந்தன.

"மாமா காலப் பிடி. உடம்பு சில்லிட்டுப் போச்சு. எதிர்வீட்டு மாடிக்குத் தூக்கணும்."

பிடித்தேன். மாடிப்படி ஏறி முடியும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.