கடைசி வரியில் ஒரு கதவு

எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் எந்த அத்தியாயத்தையும் கடைசி வரியிலிருந்துதான் வாசிப்பார். அங்கே ஓர் அலறலோ, தொலைபேசி மணியோ, கதவு தட்டும் ஓசையோ இல்லையெனில் மேலே உள்ளதை ஏறெடுத்தும் பாரார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று அங்கே பிழை திருத்த வந்த நாள்முதல் இந்த அநியாயத்தைக் கண்டு என் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அன்று அவர் கையில் இருந்தது என் மகளின் தொடர்கதை. கணவன் விட்டுச் சென்ற ஒருத்தி, அவன் கடைசியாகச் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அத்தோடு அத்தியாயம் முடிந்திருந்தது.

"தட்டு கழுவுறதை எவன்மா காசு குடுத்துப் படிப்பான்? யாராவது கதவைத் தட்டணும். அரை மணி நேரம் தர்றேன். இல்லன்னா தொடரை இவர் முடிப்பார்."

'இவர்' எதிர் நாற்காலியில் இருந்தார். எவருடைய கதையையும் எந்த இடத்திலிருந்தும் தொடர வல்லவர். அலுவலகத்தில் அவர் பெயர் ரெடிமேட்.

"சூத்திரம் கணக்குக்குத்தான் சார். கதைக்கு எதுக்கு?" என்றேன்.

"வாத்தியாரே, நீங்க ஒற்றுப்பிழையைப் பாருங்க. பொண்ணு பாசத்தை வீட்ல வைங்க."

"சும்மா இருங்கப்பா," என்று மகள் பேனாவைத் திறந்தாள். கீழே அச்சு இயந்திரம் அந்த ஒரு பக்கத்துக்காக நின்றிருந்தது. எழுதினாள், அடித்தாள், மீண்டும் எழுதினாள். பணிந்துவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு குமுறியது.

தாளை வைத்தாள். 'யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.'

தட்டோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது. ஆசிரியர் கேட்ட கதவால்தான் இந்த வலி என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

ஆசிரியர் முதல் வாக்கியத்துக்குத் தலையாட்டினார். இரண்டாவதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"அதை அடிச்சா கதவும் கிடையாது சார். தாளைக் குடுங்க, கிளம்புறேன்." மகள் தாளுக்காகக் கையை நீட்டினாள். பத்திரிகை பத்திரிகையாக ஏறி இறங்கிப் பெற்ற முதல் தொடர் அது.

ஆசிரியர் தாளை ரெடிமேடிடம் தள்ளினார். "நீ எழுதுய்யா."

அவர் மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"நான் எழுதுனா ஓடிப்போய்த் திறப்பா. என் கதவெல்லாம் அப்படித்தான் திறக்கும், அது ஜனங்களுக்கும் தெரியும். இவ ஏன் எழுந்திருக்கலன்னு எனக்கே தெரியல சார். தெரிஞ்சாகணும்."

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். தாம் அடித்த வரியின்கீழே வரிசையாகப் புள்ளிகள் இட்டார். அடித்த வரியை நீக்காமல் அப்படியே அச்சிடுங்கள் என்பதற்கு அச்சகத்தில் அதுதான் குறி.

"அடுத்த வாரம் அவ திறந்தாகணும்மா."

"தட்டுறது யாருன்னு பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"யாரு?"

"தெரியாது," என்றாள். கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது.