இரண்டு மூடி சோப்பு

மூத்த சகலை பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கியவர். இடுப்பு இனி ஆகாது என்று கையை விரித்த பிறகுதான் கார்ப்பெட் கழுவும் தொழிலுக்கு வந்தார். மனைவியின் தங்கை புருஷன், அதாவது இளைய சகலை, ஒரு பழைய வேனும் ஓயாத வாயும் வைத்திருந்தான். அக்காளும் தங்கையும் பேசி முடித்து, இரண்டு புருஷன்மார்களையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக வண்டி ஓடுகிறது. ஒருவர் வேலையில் மற்றவருக்கு நம்பிக்கை வந்ததா என்றால், அது மட்டும் இல்லை.

அவர்களுக்கு வாய்த்ததிலேயே பெரிய இடம் அந்த நூலகம். மூன்று மாடி, மூன்றிலும் சுவருக்குச் சுவர் நீலக் கார்ப்பெட். மாதம் ஒரு தடவை, வருஷம் முழுக்க வேலை. மற்றதெல்லாம் சில்லறை.

திங்கட்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு நூலகர் அம்மா இருவரையும் கீழ்த்தளத்தில் நிறுத்தி, ஜன்னல் திரையை விலக்கினார். வாசலிலிருந்து மேசைவரை வரி வரியாகக் கிடந்தது. ஒரு வரி வெளுப்பு, பக்கத்து வரி கறுப்பு. போன திங்கள் இவர்கள் மெஷின் போன தடம் அப்படியே தெரிந்தது.

“ஒரு வாரம்தான் ஆகுது. நீங்க கழுவாமலே விட்டிருந்தா இதைவிட நல்லா இருந்திருக்கும்” என்றார். குரலை உயர்த்தாமலேயே மிச்சத்தையும் சொன்னார். நாலு மணிக்கு வந்து பார்ப்பாராம். ஒரு வரி தெரிந்தாலும் அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளாம்.

மூத்தவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த இடம் போனால் வேனுக்கு வேலை இல்லை. வேன் நின்றால் மறுபடி மூட்டைதான். இன்னும் ஒரு வருஷம் தூக்கினால் ஆள் படுக்கைதான் என்று வைத்தியர் எழுதாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அம்மா போனதும் இளையவன் ஆரம்பித்தான். படிக்க வருகிறவர்களின் செருப்பைத் திட்டினான், ஊர்ப் புழுதியைத் திட்டினான், கடைசியில் கார்ப்பெட்டின் பிறப்பையே சந்தேகப்பட்டான். மூத்தவர் காதில் வாங்கவில்லை. நுரை பொங்காமல் அழுக்குப் போகாது என்பது அவர் கட்சி. மெஷின் தொட்டியில் சுடுதண்ணீரை நிரப்பி, வழக்கம்போல ஒரு மூடி சோப்பைத் தாராளமாக ஊற்றிவிட்டு, ஒயரைச் செருகப் போனார். கையுறையை மறந்தது நினைவு வந்து திரும்பினால், அதே தொட்டியில் இளையவன் ஒரு மூடி ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

“என்ன பண்றே?”

“சோப்பு போடறேன் சகலை.”

“நான்தான் போட்டுட்டேனே.”

“இன்னைக்கா?”

“என்னைக்கும்.”

இளையவன் டப்பாவை மெல்லக் கீழே வைத்தான். விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சகலை கஞ்சத்தனத்தில் வெறும் தண்ணீரை ஓட்டுகிறார் என்று நினைத்து, முகத்துக்கு நேரே சொல்லக் கூசி, ஒன்றரை வருஷமாக அவனும் ஒரு மூடி போட்டு வந்திருக்கிறான். இந்தச் சோம்பேறி மறந்துவிடுவான் என்று அவரும் போட்டு வந்திருக்கிறார். ஒரு தொட்டிக்கு ஒரு மூடிதான், அதுவும் தலைதட்டி, என்று டப்பாவில் படமே போட்டிருந்தது.

“அப்போ நாம கார்ப்பெட் கழுவல சகலை” என்றான் இளையவன். “துணி ஊற வச்சிருக்கோம்.”

கோபப்படலாம் என்றுதான் மூத்தவர் வாயைத் திறந்தார். அதில் சரிபாதி தனக்கே சேரும் என்று தெரிந்ததும் சிரிப்புதான் வந்தது. மண்டியிட்டு, உள்ளங்கையை நனைத்து ஒரு கறுப்பு வரியில் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. இழைக்குள் காய்ந்து உட்கார்ந்த சோப்பு, வருகிற செருப்பிலிருந்தெல்லாம் அழுக்கை வாங்கி வைத்திருக்கிறது. தண்ணீர் சரியாக உறிஞ்சப்படாத இடத்தில்தான் வரி அதிகம். இடுப்பு வலியில் மெஷினின் உறிஞ்சுகுழாயை அவர் வேகமாக இழுத்துவிட்ட இடங்கள் அவை. அதை அவரே சொன்னார்.

தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, வெறும் சுடுதண்ணீரை ஊற்றினார்கள். சட்டை போடாமல் வேலைக்கு வந்ததுபோல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு சொட்டு சோப்பு இல்லாமல் ஓட்டியும், கழிவுத் தொட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே பால் பொங்குவதுபோல நுரை ஏறியது. இரண்டாவது தொட்டியிலும் நுரை. மூன்றாவதில் கொஞ்சம். ஐந்தாவதில் வெறும் அழுக்குத் தண்ணீர்.

தண்ணீர் விட்டு ஒரு இழுப்பு, தண்ணீர் விடாமல் உறிஞ்ச மட்டும் இரண்டு இழுப்பு, அதுவும் நத்தை வேகத்தில். பாதியில் மூத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்காமலேயே குழாயை வாங்கிக்கொண்டான் இளையவன். மற்ற நாளாக இருந்தால் அவன் இழுப்பில் இருபது குற்றம் கண்டிருப்பார். அன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார். முடித்ததும் இருந்த மின்விசிறியை எல்லாம் தரையைப் பார்த்துத் திருப்பிவைத்தார்கள்.

நாலு மணிக்கு நூலகர் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், குனிந்து தடவினார், ஜன்னலோரம் நின்று சாய்வாகப் பார்த்தார். ஒரே நீலம்.

“என்ன மருந்து போட்டீங்க?”

இளையவன் மூச்சை இழுத்தான். வாயில் நுழையாத பேராக ஒரு மருந்து வரப்போகிறது என்று மூத்தவருக்குத் தெரியும். முந்திக்கொண்டார்.

“ஒண்ணும் போடலம்மா, வெறும் சுடுதண்ணி. இத்தனை நாளும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் சோப்பு போட்டுட்டிருந்தோம். தப்பு எங்களோடதுதான்.”

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று புத்தக அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

“அப்போ மேல ரெண்டு மாடி?”

“அங்கேயும் இதே கதைதான்மா.”

“அடுத்த திங்கள் அதையும் அலசி விட்டுடுங்க. அப்புறம் எப்பவும்போல மாசா மாசம் வாங்க.”

வேனில் ஏறியதும், அருமையான ஒரு மருந்துப் பெயர் வீணாய்ப் போயிற்றே என்று இளையவன் வழியெல்லாம் அங்கலாய்த்தான். மூத்தவர் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூட்டை இல்லை.

அடுத்த திங்கள் முதல் மாடியில் தொட்டி நிரம்பும்வரை இருவரும் குழாயடியை விட்டு நகரவில்லை. ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே நின்றார்கள்.