கண்டக்டர் சாரும் டிரைவிங் டீச்சரும்

அன்று மழை விடாது என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மகள், அவள் கணவன், குழந்தை சுண்டு, மகளின் அப்பா என்று நாலு பேரும் கிளம்பினார்கள். தீம் பார்க் டிக்கெட்டை முன்பே எடுத்தாயிற்று. ஏழு வயதுச் சுண்டு இரண்டு வாரமாக அதே நினைப்பில் சரியாகத் தூங்கவில்லை. கூட வருவதாக இருந்த, கணவனின் சினேகிதன் மட்டும் மழையைக் கண்டதும் ஜலதோஷம் என்று கழன்றுகொண்டான்.

"டிக்கெட் சும்மாதானே கிடக்கு? நான் ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கவா?" என்று அப்பா கேட்டார்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போ சினேகிதர்கள் ஊர் நிறைய உண்டு. அவர்களில் யாராவது வருவார்கள் என்று நினைத்து மகளும் சரி என்று தலையாட்டினாள். ஆனால் தெருமுனையில் குடையை உதறி மடக்கிவிட்டுக் காரில் ஏறியது ஒரு பெண்மணி. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கத்தரித்த நரைமுடி, பெரிய மூக்குக்கண்ணாடி.

"இவங்க டிரைவிங் ஸ்கூல் டீச்சர். நான் இவங்ககிட்டதான் வண்டி ஓட்டக் கத்துக்கிறேன்," என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"எப்பத்திலேருந்துப்பா?"

"ஆச்சு, ஆறு மாசம்."

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு மாதமாக சாயங்காலம் நாலு மணியானால் 'நடந்துட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர் அவர். அம்மா போன பிறகு, இந்த நாலு வருஷமாக, அப்பா அவள் வீட்டில்தான் இருக்கிறார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. அப்பா எத்தனை மணிக்கு எந்த மாத்திரை போடுகிறார், எத்தனை தரம் இருமுகிறார் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்.

கார் ஓட்டியது அவள் கணவன். பின்சீட்டில் இருந்த டீச்சர் ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"மன்னிச்சிக்குங்க தம்பி, பழக்கதோஷம்," என்றார்.

"நீங்க மிதிச்சதுலதான் டீச்சர் வண்டியே நின்னுச்சு," என்றான் கணவன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மகளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் அவர் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

பார்க்குக்குள் போனால் ராட்டினம் மூடியிருந்தது. மலை மேலிருந்து சரிந்து இறங்குகிற ரயிலும் மூடியிருந்தது. தண்ணீரில் சறுக்குகிற இடத்தையும் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள், அங்கே விழுந்த மழைத் தண்ணீர் தன் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு குரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருத்தம் தெரிவித்தது. கடையில் வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் கோட்டுக்குள் சுண்டு ஒரு மூட்டை மாதிரி நடந்தாள்.

மகளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கூரையின் கீழ் எல்லோரையும் நிற்க வைப்பாள், அடுத்த நிமிடம் "அங்க ஏதோ திறந்திருக்காம், வாங்க" என்று கிளப்புவாள். போய்ப் பார்த்தால் அதுவும் மூடியிருக்கும். மூன்றாம் தடவை கணவன் சொல்லிவிட்டான்: "ஏம்மா, கொஞ்சம் நில்லேன். மழை எங்க போனாலும் மழைதான்."

"எனக்கு மழை இல்ல பிரச்சினை."

"தெரியுது," என்றான் அவன் மெதுவாக.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் அப்பாவும் டீச்சரும் ஒரே குடையில் வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. குடை முக்கால்வாசி அந்தப் பக்கம். காலையிலிருந்து அப்பா நான்கு தடவை அவள் பக்கத்தில் வந்து, "ஒரு விஷயம்மா..." என்று ஆரம்பித்து, "சுண்டு கால் நனையுது பாரு" என்று முடித்திருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் ஈரப் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மகள் கைப்பையிலிருந்து கிழமைக்கொரு அறையாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியை எடுத்தாள். ஒவ்வொரு வாரமும் அவளே நிரப்புகிற பெட்டி. அன்றைய மாத்திரைகளை அப்பாவின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"அந்தச் சின்ன வெள்ளையை இன்னிக்காவது போட்டுக்குங்க கண்டக்டர் சார், தலை சுத்தினாலும் இன்னிக்கு வண்டி ஓட்டப் போறதில்லையே," என்றார் டீச்சர் இயல்பாக, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். உடனே வாயை மூடிக்கொண்டார்.

"எந்த வெள்ளை?" என்றாள் மகள். "ரத்த அழுத்தத்துக்குப் போடறதா? அதை விட்டுட்டீங்களா?"

அப்பா மென்று விழுங்கினார். "தினமும் இல்லம்மா. வண்டி ஓட்டுற அன்னிக்கு மட்டும்..."

ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவளுக்குத் தன் வீட்டில் நடந்தது தெரியவில்லை. அதைவிட, அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எழுந்து போய்க் கை கழுவினாள், கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கி, மூடிய கொட்டகைக்குள் இருக்கிற டாஷிங் கார் மட்டும் ஓடுவதாக அறிவித்தது. சுண்டு கத்திய கத்தலில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, ஆளுக்கொரு குட்டிக் காரில் உட்கார்ந்தார்கள். சுண்டு அவள் அப்பாவோடு. மகள் தனியாக, டீச்சர் தனியாக. தாத்தாவும் தனி வண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். மணி அடித்ததும் எல்லாரும் எல்லாரையும் இடித்தார்கள். கண்டக்டர் மட்டும் முதுகை நிமிர்த்தி, ஓரமாக, ஒரே சீராக, யார் மேலும் படாமல் ஓட்டிக்கொண்டு போனார். திருப்பத்தில் கையை வெளியே நீட்டிச் சைகை வேறு காட்டினார்.

"சார்! இங்க இடிக்கணும்!" என்று கத்தினார் டீச்சர்.

"ஆறு மாசமா இடிக்காதேன்னு சொல்லிக்குடுத்துட்டு இப்ப இடின்னா எப்படி?"

சுண்டு பின்னாலிருந்து வந்து தாத்தாவை ஒரே மோது மோதினாள். கொட்டகையே சிரித்தது. மகளுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

அப்போது மின்சாரம் போயிற்று.

கார்கள் நின்ற இடத்தில் நின்றன. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும். நீலச் சட்டை போட்ட காவலர் டார்ச்சை ஆட்டி, "யாரும் இறங்கக் கூடாது! அப்படியே உக்காருங்க!" என்றார். மகளின் காரும் டீச்சரின் காரும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றிருந்தன. போக வழியில்லை. ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"எங்கப்பா உங்களைக் கல்யாணம் பண்ணிக்கப் போறாரா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டாரு. உங்க பொண்ணுகிட்ட முதல்ல சொல்லுங்க, அப்புறம் பதில் சொல்றேன்னேன். இன்னிக்குச் சொல்றதாத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாரு. காலையிலேருந்து பாக்குறேன், உங்க பக்கம் போறாரு, வெறுங்கையோட திரும்பி வர்றாரு."

"மாத்திரை?"

"அது என் தப்புதான். வாய் தவறிச் சொல்லிட்டேன். நாலு நாளைக்கு முன்னாடிதான் என்கிட்டயே சொன்னாரு. டாக்டரைப் பாருங்கன்னு சண்டை போட்டேன். 'என் பொண்ணுக்கு மனசு கஷ்டப்படும், அவ பாத்துப் பாத்து வைக்கிறா'ன்னாரு."

கோபம் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தது கோபம் மட்டும் இல்லை. தான் கையில் கொட்டுகிற மாத்திரையை வாங்கி, அதைப் போட்டதாகக் காட்டி, இந்த மனுஷன் எத்தனை நாள் தனக்காக நடித்திருக்கிறார்?

"நீங்க... இதுக்கு முன்னாடி..."

"பண்ணிக்கல. எங்கம்மா படுக்கையில இருந்தாங்க, இருபது வருஷம். அப்புறம் யாரும் கேக்கல." டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வேண்டாம்னு சொல்லணும்னா இங்கயே சொல்லிடுங்க. இருட்டுல முகம் தெரியாது, ரெண்டு பேருக்கும் சௌகரியம்."

அவள் பதில் சொல்வதற்குள் டார்ச் வெளிச்சத்தின் குறுக்கே ஒரு உருவம் நடந்து வந்தது. "பெரியவரே, இறங்காதீங்கன்னேன்!" என்று காவலர் கத்தினார். அப்பா காதில் வாங்காமல் கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து வந்தார், நெரிசலான பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் நடந்த நடை. மகளின் கார் அருகே வந்து குனிந்தார்.

"ஒரு விஷயம்மா."

"சுண்டு கால் நனையுதா?"

அப்பா திகைத்தார். பிறகு நேராக நின்று, மூச்சை இழுத்துவிட்டு, ஒரே வீச்சில் சொன்னார். "டீச்சரை நான் கல்யாணம் பண்ணிக்கணும்னு நினைக்கிறேன். உங்கம்மாவை மறக்கல. உன் வீட்ல ஒரு குறையும் இல்ல. ஆனா சாயங்காலம் நாலு மணி ஆனா எனக்கு உயிர் வருது."

பக்கத்துக் காரில் யாரோ ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்குக் கோபம் இருக்குப்பா," என்றாள் மகள். "இப்ப போகாது. பொய் சொன்னீங்க, மாத்திரையையும் விட்டீங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். டீச்சர், நீங்களும் வாங்க. இவர் அங்கயும் பூசி மெழுகுவாரு. நீங்க இருந்தாத்தான் உண்மை வெளியில வரும்."

அப்பா அவள் தலையில் கையை வைத்தார். அதற்குள் விளக்கு வந்துவிட்டது, கார்கள் உறுமின. தளத்தின் நடுவில் நின்ற கண்டக்டரைச் சுற்றி எல்லோரும் 'ஓரம் போங்க' என்று கூச்சல் போட, காவலர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்குப் பார்க்கையே மூடிவிட்டார்கள். திரும்பும் வழியில் சுண்டு தூங்கிப்போனாள். மகள் ஜன்னலை இறக்கினாள், சாரல் அடித்ததும் ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். அம்மாவின் புடவைகள் இருக்கிற பீரோவை என்ன செய்வது, அப்பாவின் அறையில் இரண்டு கட்டில் கொள்ளுமா, இல்லை அவர் டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவாரா என்று மனம் ஒன்றிலும் நிலைகொள்ளாமல் ஓடியது.

டீச்சர் வீட்டு முன் கார் நின்றது. வாசல்வரை விட்டுவிட்டு வருகிறேன் என்று அப்பாவும் இறங்கினார். பத்தடி தூரம்தான். வாசல் விளக்கின் கீழ் இரண்டு பேரும் நின்று பேசத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

கணவன் ஹாரன் மேல் கையை வைத்தான்.

"அடிக்காதீங்க," என்றாள் அவள். "வருவாரு."